மூன்றாம் தட்டில் ஆறு கேமரா

“தம்பி, ஓடுற நாயைப் படம் எடுத்தா இதுல தெளிவா விழுமா?”

மூக்குக் கண்ணாடி போட்ட அம்மாள் ஒருவர் இப்படிக் கேட்டபோது, ‘நான் இந்தக் கடையில் வேலை செய்பவன் இல்லை’ என்று சொல்லத்தான் மீட்டர்காரர் வாயைத் திறந்தார். ஆனால் அது அவருடைய சொந்தக் கேள்வியாகவும் இருந்துவிட்டது. நாய் இருக்கும் இடத்தில் மகளைப் போட்டுக்கொண்டால் போதும்.

“நல்லா விழும்மா. ஒரு நொடியை நாலாயிரமா வெட்டி, அதுல ஒரு துண்டை மட்டும் பிடிச்சுக்கும். நாலு காலும் அந்தரத்துல நிக்கும் பாருங்க.”

“வாலு?”

“வாலும் நிக்கும்.”

அம்மாள் பத்தே நிமிடத்தில் பெட்டியோடு போய்விட்டார். கடையின் மூன்றாம் தட்டில் ஆறாக இருந்தது ஐந்தாயிற்று. மீட்டர்காரர் மிச்சத்தை விரல்விட்டு இன்னொரு முறை எண்ணினார்.

வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்து எழுதி வருவது அவர் வேலை. இலாகா கொடுத்த இளநீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. கேமராக் கடை ஆட்களுக்கும் அதே இளநீலம், அதே மாதிரி அட்டை. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் சட்டை மாற்றாமல் நேரே கடைக்கு வந்தது அவர் தப்பு.

கேமரா எதற்கு என்றால், அவருடைய மகள் நூறு மீட்டர் ஓட்டக்காரி. நாலு வருஷமாகப் பள்ளி விளையாட்டு விழாவில் அவளைப் போனில் படம் எடுத்து வருகிறார். முதல் வருஷப் படத்தில் ஒரு மஞ்சள் கறை. இரண்டாம் வருஷம் அதே கறை, கொஞ்சம் நீளமாக. மூன்றாம் வருஷம் ஒரு முழங்கை. நாலாம் வருஷப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டிய பிறகுதான், “அப்பா, இது நான் இல்ல, பக்கத்துக் கோட்டுல ஓடினவ” என்றாள் மகள்.

அன்றைக்கே முடிவு செய்தார். ஐந்தாம் வருஷம் அவள் முகம் தெரிய வேண்டும். அதற்கு டிஎஸ்எல்ஆர் என்கிற பெரிய கேமராதான் சரி.

கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினார். பதினான்கு கேமராக்களைக் கட்டம் கட்டி எழுதினார். விலை, ஷட்டர் வேகம், நொடிக்கு எத்தனை படம், கூட லென்ஸ் உண்டா, தனியே அழ வேண்டுமா. பதின்மூன்றை அடித்த பிறகு ஒன்றே ஒன்று மிஞ்சியது. பழைய மாடல், இனி வராது. இருப்பது அந்த ஆறு பெட்டிதான். அடுத்த மாடல் இரண்டு மடங்கு விலை.

அந்த ஒன்றுக்கும் இன்னும் ஏழு வாரக் கூடுதல் வேலைப் பணம் சேர வேண்டியிருந்தது.

“முன்பணம் தர்றேன், ஒண்ணை எடுத்து வைக்கிறீங்களா?” என்று விற்பனையாளரைக் கேட்டுப் பார்த்தார்.

“பழைய மாடலுக்கு அதெல்லாம் இல்ல சார். முழுப் பணம், கையில பெட்டி” என்று அவன் போனிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்.

அடுத்த சனிக்கிழமையும் அவர் கிளம்பியபோது மனைவி வாசலில் மறித்தாள்.

“எதுன்னுதான் முடிவு பண்ணியாச்சே. வாராவாரம் எதுக்குப் போறீங்க?”

“எத்தனை பெட்டி இருக்குன்னு எண்ணணும்.”

“நீங்க போகாம இருந்தாலே குறையாது.”

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்த முறை வீட்டுக்கு வந்து, குளித்து, முழுக்கை வெள்ளைச் சட்டையும் ஷூவும் போட்டுக்கொண்டு போனார். இனி எவனும் கடைப் பையன் என்று நினைக்க முடியாது.

நினைக்கவில்லைதான். புதுமணத் தம்பதி ஒன்று, “மேனேஜர் சார், நீங்களே நேர்ல வந்துட்டீங்களா!” என்று எழுந்து நின்றது. மரியாதை கொடுத்தவர்களிடம் கேமராவைப் பற்றிப் பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பதினான்கு கேமராக் கட்டத்தையும் விரித்துக் காட்டினார். அவர்கள் ஒன்று வாங்கினார்கள். பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் ஒன்று வாங்கினார். மிச்சம் மூன்று.

வீட்டில் மகள் காத்திருந்தாள். “அப்பா, சனிக்கிழமை சாயங்காலம் நீங்க...”

“கேமரா கைக்கு வரட்டும்டா பாப்பா. அப்புறம் எல்லாம் பேசிக்கலாம்.”

மூன்றாம் வாரம் மனசைக் கல்லாக்கிக்கொண்டார். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் மூன்றாம் தட்டைச் சுட்டிக் காட்டியதும் முந்திக்கொண்டார்.

“அதுவா? வேண்டாம் சார். பழசு. கனம். வீடியோ சுமார்.”

அதிகாரி தன் மனைவியின் காதில் சொன்னது கடை முழுக்கக் கேட்டது. “கடைக்காரனே வேண்டாங்கிறான் பாரு. சொந்தக்காரனுக்கு ஒதுக்கி வைக்கிறான். எடு ரெண்டு, மச்சானுக்கும் ஒண்ணு ஆச்சு.”

மிச்சம் ஒன்று.

மீட்டர்காரர் அக்கம்பக்கம் பார்த்தார். அந்த ஒன்றைத் தூக்கி, உச்சித் தட்டில் யாரும் தீண்டாத பிரிண்டர் பெட்டிகளுக்குப் பின்னால் செருகினார். அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில், கோழி முட்டையைப் பார்ப்பதுபோலப் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

ஏழாம் சனிக்கிழமை. அவசரத்தில் மறுபடியும் இளநீலச் சட்டையோடு நேரே வந்திருந்தார். பையில் முழுப் பணம். விடிந்தால் விளையாட்டு விழா. ஸ்டூல் மேல் ஏறிப் பெட்டியை உருவும்போது ஒரு கை அவர் காலைப் பிடித்தது. கடை முதலாளி.

“நாலு வாரமா கண்காணிப்புக் கேமராவுல பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சரக்கை ஒளிச்சு வைக்கிறவன் என் கடைக்கு வேண்டாம். இன்னையோட உனக்கு வேலை இல்ல!”

“சரிங்க” என்றார் மீட்டர்காரர், பெட்டியை மார்போடு அணைத்தபடி. “பில் போடுங்க.”

“சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டுப் போ!”

“சட்டை தண்ணீர் இலாகாவோடதுங்க.”

முதலாளிக்கு அது விளங்குவதற்குள் அவர் பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

மறுநாள் காலை, “கொஞ்சம் நில்லுங்க, அவளோட போட்டி...” என்று மனைவி ஆரம்பித்தபோது அவர் தெருமுனை தாண்டியிருந்தார். நல்ல இடம் பிடிக்க வேண்டாமா? முடிவுக் கோட்டுக்கு நேர் எதிரே, இரண்டு மணி நேரம் முன்னதாகவே மண்டி போட்டு உட்கார்ந்தார். ஷட்டரை நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கு வைத்தார். முழங்காலில் சரளைக்கல் குத்தியது. அசையவில்லை.

விசில் ஒலித்தது. நூறு மீட்டர், பெண்கள். எட்டுப் பேரும் காற்றாய் வந்தார்கள். விரலை எடுக்காமல் அழுத்தினார்.

திரையில் பார்த்தபோது கண்ணில் நீர் முட்டியது. எட்டு முகம். வியர்வைத் துளிகூட எண்ணலாம். ஒருத்தியின் பல்லில் கம்பி மின்னியது. இன்னொருத்தியின் ரிப்பன் அந்தரத்தில் நின்றது.

முதலிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு எழுந்து, விசில் வைத்திருந்த விளையாட்டு ஆசிரியையிடம் ஓடினார்.

“டீச்சர், எம் பொண்ணு எங்க? ஓடலையா?”

“உங்களுக்குத் தெரியாதா சார்? சனிக்கிழமை பயிற்சிக்குக் கூட்டிட்டு வர அப்பாவுக்கு நேரமில்லைன்னு, அவ ஓட்டத்தை விட்டு செஸ்ஸுக்கு மாறி அஞ்சு வாரம் ஆச்சு. மாடியில இருக்கா, மெதுவாவே போய் எடுங்க, ஒரு காயை நகர்த்தவே அரை மணி நேரம் ஆக்குவா.”