ஒன்றரைக் கட்டை கனம்

உலக வரலாற்றில் முதுமையை வென்றவர்கள் இரண்டே தரப்பினர்: எகிப்தின் மம்மிகள், இங்கிலாந்தின் ராக் இசைக் குழுக்கள். இதில் மம்மிகளின் சாதனை ஒரு படி குறைவுதான். அவர்களை யாரும் மேடையேறி இரண்டு மணி நேரம் குதிக்கச் சொல்லவில்லை.

எங்கள் டிப்டன் நகரின் பெருமை 'வார்ப்பிரும்பு பிஷப்புகள்'. 1977இல் தொடங்கிய குழு. கால்வாய்க் கரையில் இருந்த இரும்பு வார்ப்பாலைகள் எல்லாம் மூடிவிட்டன, நாங்கள் மூடவில்லை. பலர் கேட்டுக்கொண்டும் மூடவில்லை.

பாட்டு டெஸ்மண்ட். வயது எழுபத்திரண்டு, அவர் தலைமுடிக்கு நாற்பது. கிட்டார் ராய்ஸ்டன். அவர் காலடியில் கிட்டார் ஓசையை மாற்றும் இருபத்தாறு மிதிபெட்டிகள் உண்டு. எல்லாவற்றையும் மிதித்து முடித்த பிறகு வரும் ஓசை, 1977இல் ஒரு பெட்டியும் இல்லாமல் வந்த அதே ஓசை. அந்தக் கருவிகளின் தரத்துக்கு வேறென்ன சான்று வேண்டும்? டிரம்ஸ் லெஸ். இரண்டு முழங்காலும் எஃகு. குழுவின் பெயருக்கு உண்மையாக வாழ்பவர் அவர் ஒருவரே.

நான் கிளெனிஸ். பாஸ் கிட்டார். தடித்த நான்கு தந்திகள் கட்டிய ஒரு மரக்கட்டை. அது ஒலிப்பது யாருக்கும் தெரியாது, நின்றால்தான் தெரியும். வீட்டுத் தண்ணீர்க் குழாய் மாதிரி. டெஸ்மண்டை எல்லோரும் 'பாஸ்' என்று கூப்பிடுவதால், ஒரே குழுவில் இரண்டு பாஸ். ஒன்று கட்டளையிடும், மற்றது கட்டை சுமக்கும். நாற்பத்தெட்டு வருடமாக இந்த ஏற்பாட்டில் ஒரு குழப்பமும் வந்ததில்லை.

எனக்கு இடது காது கேட்காது. வலது காது ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்கும். ஆனால் அடித் தந்தியை அடித்தால் மேடைப் பலகை அதிர்ந்து, அந்த அதிர்வு குதிகால் வழியாக இடுப்புவரை ஏறும். நான் பாட்டைக் கேட்பது காலால்தான். வேறெங்கும் என் கால்கள் எதையும் கேட்பதில்லை.

இனி எங்கள் குழு இசைக்கு அளித்த மாபெரும் கொடையைச் சொல்ல வேண்டும். அது ஒரு சொல்.

1994இல் ஒரு நாள் டெஸ்மண்ட் உச்ச சுரத்துக்குப் போய்த் திரும்பி வரவில்லை. இருமல்தான் வந்தது. மறுநாள் 'நங்கூரம்' மதுக்கடைப் பின்னறையில் கூட்டம் கூடியது.

"பாட்டு சுருதியையெல்லாம் அரைக் கட்டை எறக்கிக்கலாமே," என்றேன்.

லெஸ் பன்றித்தோல் வறுவலை மெல்வதைக்கூட நிறுத்திவிட்டார்.

"எறக்கறதா?" என்றார் டெஸ்மண்ட். "யாரு எறங்கறது?"

"பாட்டுதான். நீ இல்ல."

"பிஷப்புங்க எறங்க மாட்டாங்க, கண்ணு. வேணும்னா கனமாவாங்க."

"அரைக் கட்டை கனமா?"

"அரைக் கட்டை கனம். எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். அன்று முதல் எங்கள் குறிப்பேட்டில் 'இறக்கம்' என்ற சொல் கிடையாது. 2006இல் இன்னும் அரைக் கட்டை கனமானோம். 2017இல் மேலும் அரை. கூட்டிப் பார்த்தால் ஒன்றரைக் கட்டை கனம். ஒவ்வொரு முறையும் என் தந்திகள் தொளதொளத்துப் போகும். நான் இன்னும் தடித்த தந்திகள் வாங்கி மாட்டுவேன். பாஸ் வாசிப்பவர்கள் தந்தியை லேசில் மாற்ற மாட்டார்கள். துணைவரை அதைவிடச் சுலபமாக மாற்றுவார்கள். நான் மாற்றியது மூன்று முறை. மூன்றும் டெஸ்மண்டின் தொண்டைக்காக. என் தந்திகளின் தடிமன்தான் அவர் குரலின் மருத்துவ அறிக்கை. அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி.

இந்த வருடம் ஜனவரியில் நவீனம் எங்களைத் தேடி வந்தது. ராய்ஸ்டனின் மச்சான் ஹோவர்ட் உருவத்தில் வந்தது. முப்பத்தைந்து வருடம் பல் வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவர். மடிக்கணினி வாங்கியதால் எங்கள் 'டிஜிட்டல் இயக்குநர்' ஆகிவிட்டார். 'நங்கூரம்' கூட்டத்தில், லெஸ்ஸின் வறுவல் பையை வருத்தத்தோடு தள்ளி வைத்துவிட்டுத் தொடங்கினார்.

"இப்ப எல்லாரும் 'மௌன மேடை'க்குப் போயிட்டாங்க. மேடையில ஒரு ஸ்பீக்கர் இருக்காது, ஜனங்க பக்கம் மட்டும்தான். எல்லாத்தையும் காதுக்குள்ள ஒரு சின்னக் குமிழ்ல கேட்டுக்கலாம். யாருக்கு யாரு சத்தம் வேணுமோ, அத மட்டும் வெச்சுக்கலாம்."

ராக் இசையின் நெடிய பயணம் சத்தமே இல்லாத மேடையில் வந்து முடிவது எவ்வளவு பொருத்தம்! யாருக்கு யார் சத்தம் வேண்டும் என்று ஒரு சீட்டு சுற்றுக்கு வந்தது. டெஸ்மண்ட் எழுதினார்: டெஸ்மண்ட். ராய்ஸ்டன் எழுதினார்: ராய்ஸ்டன். லெஸ், தாளம் தவறாமலிருக்க ஒரு 'டிக் டிக்' மட்டும் போதும் என்றார். இவ்வளவு ஒற்றுமையாக எங்கள் குழு எந்த முடிவையும் எடுத்ததில்லை.

"எனக்கு ஸ்பீக்கர் வேணும்," என்றேன். "நான் காலால கேக்கறவ."

"அதுக்குத்தான் வரோம், கண்ணு," என்றார் டெஸ்மண்ட். "அடுத்த விஷயம் உன் தோள்பட்டை."

"அதுக்கு என்ன?"

"அந்தக் கட்டை நாலரை கிலோ. பாக்கறப்பவே எங்களுக்கு வலிக்குது."

"நீ எப்பப் பாத்த? நீ ஜனங்களப் பாத்துல்ல நிப்ப?"

ஹோவர்ட் தொண்டையைச் செருமினார். "ராய்ஸ்டன் வீட்டுப் பரண்ல எழுபத்தொம்பதுல பண்ண ரெக்கார்டோட டேப் கெடச்சுது. உங்க பாஸ் மட்டும் தனியா இருக்கு, சுத்தமா. கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு. இனிமே மேடையில நீங்களே வாசிப்பீங்க. நீங்க வர வேண்டியதில்ல, அவ்ளோதான்."

"என்னைய வெச்சே என்னையப் பிடுங்கறீங்களா?"

"பிடுங்கறதுன்னு சொல்லக் கூடாது," என்றார் டெஸ்மண்ட். "கௌரவிக்கறோம்."

'வாழ்நாள் கௌரவ உறுப்பினர்' என்று பித்தளைத் தகடு தயாராக இருந்தது. என் கட்டை மேடையில் ஒரு தாங்கியில் நிற்கும். அதன் மேல் ஒரு சின்ன விளக்கு எரியும். அஸ்திக் கலசத்துக்குக்கூட இவ்வளவு வெளிச்சம் கிடைப்பதில்லை.

"லெஸ், நீ என்னப்பா சொல்ற?" என்று கேட்டேன்.

"நான் நடுநிலை."

"போன தடவையும் நடுநிலைதானே?"

"முட்டி மடங்காதும்மா. எந்தப் பக்கமும் சாய முடியல."

தீர்மானம் நிறைவேறியது. உடனே ஹோவர்ட் குறிப்பேட்டைத் திறந்து ஒரு கேள்வி கேட்டார். பல் வைத்தியர்கள் கவனமானவர்கள்.

"பாட்டெல்லாம் என்ன சுருதி? டேப்ல இருக்கற அதே சுருதிதானே?"

ராய்ஸ்டன் கூரையைப் பார்த்தார். லெஸ் வறுவல் பைக்குள் பார்த்தார்.

"அதே பாட்டு. அதே குழு," என்றார் டெஸ்மண்ட். "இப்ப கொஞ்சம் கனம். அவ்ளோதான்."

"கனம்," என்று ஹோவர்ட் எழுதிக்கொண்டு, கணினியில் அடி ஓசையைக் கூட்டும் குமிழை வலது பக்கம் நன்றாகத் திருகிவைத்தார்.

நான் வாயெடுத்தேன்.

"கௌரவ உறுப்பினருக்குக் கூட்டத்துல பேசற உரிமை கெடையாது, கண்ணு. கேக்கலாம்," என்றார் டெஸ்மண்ட்.

விதியை மதிப்பவள் நான். கேட்டுக்கொண்டேன். நாற்பத்தெட்டு வருடம் வாசித்த பாட்டுகளுக்கு ஒத்திகை பார்ப்பது கேவலம் என்று அடுத்த தீர்மானம் நிறைவேறியதையும் கேட்டுக்கொண்டேன்.

நிகழ்ச்சி ஏப்ரலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. எங்கள் ரசிகர்கள் இன்னமும் கலகக்காரர்கள்தான். ஐந்தரை மணிப் பேருந்தைப் பிடித்து ஆறரை மணி மாத்திரையைப் போட்டாக வேண்டும், அவ்வளவே. ஊர் மன்றம் நிரம்பி வழிந்தது. கைத்தடிகள் வைக்கத் தனி இடம் ஒதுக்கியிருந்தார்கள். எனக்கு மூன்றாவது வரிசை, ஓர நாற்காலி. எட்டு வருடம் ஒரு சுருதியில் நின்ற என் கட்டை, மேடையில் விளக்கடியில் நின்றது.

லெஸ் நாலு எண்ணினார். பிஷப்புகள் பாய்ந்தார்கள்.

ஒரு பியானோவை இரண்டு பேர் தூக்கிப் போகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் மாடியிலேயே நிற்கிறார். மற்றவர் சொல்லாமல் மூன்று படி இறங்கிவிட்டார். பியானோவின் நிலை என்னவோ, அதுதான் அன்று பாட்டின் நிலை. கணினியில் 1979, மேடையில் ஒன்றரைக் கட்டை கனம். நடுவில் கடகடத்தன மன்றத்தின் ஜன்னல்கள்.

மேடையில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. டெஸ்மண்டின் காதில் டெஸ்மண்ட். ராய்ஸ்டன் காதில் ராய்ஸ்டன். லெஸ்ஸுக்கு டிக் டிக். அவரவர் காதில் அவரவர் அமோகம்.

என் கால்களுக்குத் தெரிந்தது. தரைப் பலகை அதிர்ந்தது, குதிகால் கூசியது. ஆனாலும் ஒன்றை மறைக்கக் கூடாது. கணினியில் வாசித்த அந்த இருபத்தைந்து வயதுப் பெண் அபாரமாக வாசித்தாள். இரண்டாவது அடியில் அவள் விரல் தந்தியில் அலட்சியமாக ஒரு சறுக்கு சறுக்கி மேலே ஏறியபோது, அப்படி ஒன்றை நான் செய்ததுண்டு என்பதே எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எழுந்து போய் அவள் பக்கத்தில் நிற்க வேண்டும் போலிருந்தது.

பக்கத்து நாற்காலியில் இருந்த மேவிஸ் தன் காது மிஷினைக் கழற்றி முழங்காலில் தட்டினாள்.

"ஏம்மா, என் மிஷின் போயிடுச்சா?"

"மிஷின் நல்லாத்தான் இருக்கு, மேவிஸ்."

"அப்ப போனது யாரு?"

மன்றம் முழுவதும் கைகள் காதுக்கு உயர்ந்தன. டெஸ்மண்ட் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு இன்னும் உயரக் குதித்தார். மேடையோரத்தில் கணினியோடு இருந்த ஹோவர்டுக்கும் சந்தேகம் எழவில்லை. தன் வேலையை அனுபவிப்பவர்களின் முகம் கோணிக் கிடப்பதை முப்பத்தைந்து வருடம் பார்த்தவர் அவர்.

இரண்டாவது பாட்டில், முன்வரிசையில் படுத்திருந்த வழிகாட்டி நாய் எழுந்து, தன் எஜமானரை வெளியே அழைத்துக்கொண்டு போய்விட்டது. கடமை தவறாத நாய்.

பாட்டு முடிந்ததும் டெஸ்மண்ட், கைதட்டலை நேரில் கேட்கலாமென்று காதுக் குமிழைப் பிடுங்கினார். கைதட்டல் இல்லை. மூன்றாவது பாட்டை மற்றவர்கள் தொடங்கிவிட்டார்கள். அவர் முகம், எக்ஸ்ரே படத்தைக் காட்டியதும் நோயாளிக்கு மாறுகிற மாதிரி மாறியது.

"நிறுத்து! ஹோவர்ட், நிறுத்து! என்ன எழவு இது?"

மௌன மேடை உண்மையிலேயே மௌனமானது. டெஸ்மண்டின் கண் வரிசை வரிசையாகத் தேடி என் மேல் வந்து நின்றது.

"கிளென்... கொஞ்சம் மேல வாயேன்."

"நான் கௌரவ உறுப்பினர். கேக்கத்தான் வந்திருக்கேன். நல்லாவே கேட்டுது."

"வெளையாடாத, கண்ணு. அந்த டேப்புக்கு என்ன கேடு?"

"டேப்புக்கு ஒரு கேடும் இல்ல. அந்தப் பொண்ணு இருந்த எடத்துலயே இருக்கா. நீங்கதான் வேற எங்கயோ இருக்கீங்க."

"நாங்க கொஞ்சம் கனமா..."

"அந்த வார்த்தை இல்ல, டெஸ்மண்ட். இன்னொரு வார்த்தை இருக்கு."

ஒலிவாங்கி இன்னும் அவர் கையில் இருந்தது. இருநூறு பேர் காது மிஷினைத் திரும்ப மாட்டிக்கொண்டார்கள்.

"இத்தன பேரு முன்னாடியா?" என்று கெஞ்சினார்.

"சொல்லித் தொலையேன், டெஸ்!" என்று பின்வரிசையில் ஒரு குரல். "அஞ்சரைக்கு பஸ்ஸு!"

டெஸ்மண்ட் தன் பூட்சைப் பார்த்தார். நெற்றியில் வழிந்த வியர்வையில் தலைமுடியின் சாயம் ஒரு கறுப்புக் கோடாக இறங்கியது.

"எறக்கிட்டோம்," என்றார். "ஒன்றரைக் கட்டை. என்னால முடியல."

மேவிஸ் நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றாள்.

"நான் ரெண்டு அங்குலம் எறங்கியிருக்கேன், டெஸ்! நீ பாடுடா!"

"எனக்கு ரெண்டு இடுப்பும் மாத்தியாச்சு!" என்றது இன்னொரு குரல். "என் பல்லு மொத்தமும் எறங்கிப்போச்சு!" என்றது வேறொன்று, ஹோவர்ட் அதைக் கேட்டுச் சட்டென்று தலைகுனிந்துகொண்டார். கூரை அதிர்ந்தது. நாற்பத்தெட்டு வருடத்தில் பிஷப்புகளுக்கு அப்படி ஒரு கைதட்டல் கிடைத்ததில்லை.

நான் மேடையேறினேன். படி ஐந்து, நேரம் எடுத்தது. ஹோவர்ட் ஓடிவந்து கணினியிலிருந்து வயரைப் பிடுங்கி என் கட்டையில் செருகினார். பிடுங்குவதில் அவருக்கு இணை கிடையாது. லெஸ் தன் காதுக் குமிழை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "எங்க பாப்போம், கிளென்," என்றார். அடித் தந்தியைத் தட்டினேன். மன்றத்து ஸ்பீக்கர்கள் உறுமின, பலகை அதிர்ந்தது, அதிர்வு குதிகாலில் ஏறியது. எழுபத்தொரு வயதுக்கு அந்தச் சறுக்கு வரவில்லை. முயன்றேன், வரவில்லை. அதற்காக யாரும் காதைப் பொத்தவில்லை.

ஐந்தரை மணிப் பேருந்து காலியாகப் போனதாகச் சொன்னார்கள்.

மறு வாரம் 'நங்கூரம்' பின்னறையில் விசாரணைக் கூட்டம். டெஸ்மண்ட் தலைமை. தலைமுடிக்குப் புதுச் சாயம். குறிப்பை அவரே எழுதிக்கொண்டு வந்து, கண்ணாடியை மாட்டி வாசித்தார்.

"தீர்மானம் ஒன்று. நிகழ்ச்சியில் ஏற்பட்ட இடையூறுக்குக் காரணம், பாஸ் தவறான சுருதியில் இருந்தது. தீர்மானம் இரண்டு. இக்குற்றத்துக்காகத் திருமதி கிளெனிஸின் கௌரவப் பட்டம் பறிக்கப்படுகிறது. இனி எல்லா நிகழ்ச்சிகளுக்கும் அவர் நேரில் வந்து வாசிக்க வேண்டும். ஸ்பீக்கர் ஒன்று அனுமதிக்கப்படுகிறது."

"நடுநிலை," என்றார் லெஸ், யாரும் கேட்பதற்கு முன்பே.

"என்ன கண்ணு, ஆட்சேபணை ஏதாச்சும் உண்டா?"

என்ன ஆட்சேபணை? தெளிவான குறிப்பு, நியாயமான தண்டனை. பாஸ் தவறான சுருதியில் இருந்தது என்று பாஸே தன் கைப்பட எழுதியிருக்கிறார். 1994இலிருந்து நான் சொல்ல வாயெடுத்ததும் அதைத்தான்.

சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன்.