வண்டிக்கு ஒரு கம்பளிச் சட்டை

ஜன்னல் கண்ணாடியின் உட்புறத்தில் பனி உறைந்திருந்தது. கரண்டிக் காம்பால் மெர்வின் அதைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. காலை நடையை முடித்துக்கொண்டு நோலீன் வண்டிக்குள் ஏறினாள். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. தாடை தனியாகத் தாளம் போட்டது. தேநீர்க் கோப்பையை விரலால் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே அணைத்துக்கொண்டாள்.

"கு... குளிருது, மெர்வ்."

"நம்ம ஊரு நடுக்குளிர்காலம் இந்த ஜூலைதான். இதுல ஏரிக்கரையில நடந்தா குளிராம?"

"வெளியில ஒண்ணும் தெரியல. உள்ள வந்தப்புறம்தான் நடுக்கம் பிடிக்குது."

மெர்வினுக்குச் சுருக்கென்றது. வெளியே தெகாபோ ஏரியின் ஓரமெல்லாம் கண்ணாடித் தகடாக உறைந்து கிடக்கிறது. அங்கே நடுங்காதவள் தன் வண்டிக்குள் வந்து நடுங்குகிறாள் என்றால் அது வண்டியா, ஐஸ் பெட்டியா?

வேலை பார்த்த காலம் முழுக்கப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர் மெர்வின். ஓய்வு பெற்றதும் வீட்டை விற்று இந்த வீட்டு வண்டியை வாங்கினார். மகள் ஜனின் பிறந்த வருடத்து வண்டி. தகரச் சுவர், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், ஆனாலும் விடிந்தால் ஒரு மலை, மறுநாள் வேறு மலை. போன குளிர்காலத்தில் நோலீனுக்கு நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அன்றிலிருந்து அவள் தும்மினால் போதும், மெர்வின் போர்வையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார். பச்சைத் தண்ணீரில் கேரட் கழுவக்கூட விடமாட்டார்.

இதற்கு நடுவில் கிறைஸ்ட்சர்ச் நகரத்திலிருந்து ஜனின் போன் செய்தாள்.

"அப்பா, நேத்து வீடியோவுல அம்மாவைப் பார்த்தேன். பல்லு கிட்டிப் போய்ப் பேசவே முடியல. மாசக் கடைசியில நான் வர்றேன். அப்பவும் அம்மா நடுங்கினா வண்டியை வித்துட்டு ரெண்டு பேரும் என்னோட கிளம்பிடணும்."

"அதெல்லாம் நான் சரி பண்ணிடுவேம்மா."

"நீங்க சரி பண்ணின எங்க வீட்டுக் குழாய்ல இன்னும் வெந்நீர்ப் பக்கம் திறந்தா பச்சைத் தண்ணிதான் வருது."

மெர்வின் போனை வைத்துவிட்டு ரம்பத்தை எடுத்தார்.

முதலில் ஜன்னல்கள். குமிழ்வைத்த வெள்ளித்தாளை அளந்து வெட்டி, இடுக்கு விடாமல் நாடாப் போட்டு ஒட்டினார். வண்டிக்குள் நட்டநடுப் பகலிலும் கும்மிருட்டு. நோலீன் சர்க்கரை என்று நினைத்து உப்பைப் போட்டுத் தேநீர் கொடுத்தாள். அவர் மரியாதையாகக் குடித்தார். விடியற்காலையில் நெற்றியில் சொட்டென்று ஒரு துளி விழுந்தது. இருவரும் விட்ட மூச்செல்லாம் போக வழியில்லாமல் கூரையில் தண்ணீராகத் தேங்கி, சரியாக அவர் தலையணைக்கு மேலே வடிந்துகொண்டிருந்தது.

"உள்ளேயே மழை பெய்யுது, மெர்வ்."

"சுவரும் கூரையும் சில்லுனு இருக்கறதாலதான். கூரைக்கு உள்பக்கமா அட்டை அடிச்சுடறேன். சுவருக்கு வேற வைத்தியம்."

உட்புறப் பலகைகளைக் கழற்றினார். உள்ளே இருந்த பழைய தெர்மோகோல் பொடிப்பொடியாகக் கொட்டியது. அதே சமயத்தில் பக்கத்துப் பண்ணைக்காரர் கிளைவ் வேலியோரமாக வந்தார்.

"என்னப்பா, வண்டியை உரிச்சுக்கிட்டு இருக்க?"

"நோலீனுக்குக் குளிர் தாங்கல. இதுக்குள்ள எதையாவது அடைக்கணும்."

"என் கொட்டகையில ஆட்டு ரோமம் மூட்டை மூட்டையா கிடக்கு. அள்ளிட்டுப் போ. ஆடு இந்தக் குளிர்ல வெளியில நிக்குதே, அதுக்கென்ன ஹீட்டரா இருக்கு?"

அந்த நியாயம் மெர்வினுக்குப் பிடித்துப்போனது. அள்ளிக்கொண்டு வந்து கூரை முதல் தரை வரை திணித்துப் பலகைகளைத் திருப்பி அடித்தார். வண்டி உண்மையிலேயே கதகதப்பானது. ஆனால் கிளைவ் கொடுத்தது கழுவாத ரோமம். வெப்பம் ஏற ஏற, ஆட்டுப்பட்டி முழுவதும் வண்டிக்குள் குடிவந்ததுபோல ஒரு நெடி கிளம்பியது.

மறுநாள் கிளைவின் மேய்ச்சல் நாய் வேலி தாண்டி வந்தது. வண்டியைச் சுற்றி முகர்ந்தது. பிறகு தரையோடு தரையாகப் பதுங்கி, வண்டியின் பின்சக்கரத்தை முறைத்துப் பார்த்தது. மெர்வின் தண்ணீர் பிடிக்க வண்டியைப் பத்தடி நகர்த்தினார். அவ்வளவுதான், நாய் பாய்ந்து முன்னால் வந்து குறுக்கே நின்று குரைத்து, வண்டியைப் பழைய இடத்துக்கே ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தது.

கிளைவ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அவனுக்கு இத்தனை வருஷத்துல இவ்வளவு பெரிய ஆடு சிக்கினதில்லப்பா!"

"நீ முதல்ல உன் நாயைக் கூப்பிடு!"

"கூப்பிட்டா வரமாட்டான். இன்னும் பட்டிக்குள்ள அடைக்கலையே."

அடுத்தது தரை. ரப்பர் பாய், அதன்மேல் பழைய கம்பளம், அதன்மேல் இன்னொரு கம்பளம். கழிப்பறைக் கதவோரம் வரை பசை தடவி அழுத்திவிட்டுப் பெருமையோடு நிமிர்ந்தார்.

"மெர்வ், கதவு திறக்கல."

"எந்தக் கதவு?"

"நான் எந்தக் கதவுக்குப் பின்னால இருக்கேன்னு குரல் வர்ற பக்கம் பார்த்துத் தெரிஞ்சுக்க!"

கம்பள உயரத்தில் கதவு சிக்கிக்கொண்டது. பசையோ இறுகிவிட்டது. கதவின் அடிப்பாகத்தை ரம்பத்தால் அறுத்து நோலீனை மீட்டார். அளவு பார்க்காமல் அறுத்ததில், இனி உள்ளே போகிறவர்களின் முழங்கால் வரை வெளியே தெரியும்படி ஆயிற்று.

"பரவாயில்ல," என்றாள் நோலீன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு. "உள்ள யாரு இருக்கான்னு தட்டிக் கேக்க வேண்டாம்."

இவ்வளவு செய்தும் மறுநாள் காலை நடை முடிந்து வந்தவள் இலைபோல நடுங்கினாள். மெர்வின் கவலையோடு மூலை முடுக்கெல்லாம் கையை வைத்துப் பார்த்தார். கூரையில் ஒன்றும் தரையில் ஒன்றுமாகக் காற்றுத் துளைகள் இருப்பது அகப்பட்டது. திருடன் இங்கேதான் நுழைகிறான் என்று இரண்டையும் மிச்ச ரோமத்தால் அடைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். சற்று நேரத்தில் விஷவாயு அலாரம் ஊரைக் கூட்டியது. வீட்டு வண்டிகள் தங்கும் அந்த முகாமை நடத்தும் நைரி ஏப்ரனோடு ஓடிவந்து, இருவரையும் வெளியே இழுத்துவிட்டு, துளைகளில் இருந்த ரோமத்தைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கி எறிந்தாள்.

"மூச்சு விடற ஓட்டையை அடைக்கலாமா மெர்வ்? ரெண்டு பேரும் தூங்கினபடியே போயிருப்பீங்க!"

"நோலீனுக்குக் குளிருதேன்னு..."

"நோலீனுக்கா?" என்று நைரி வாயைப் பிளந்தாள்.

"எல்லாருக்கும் தேநீர் போடட்டுமா?" என்று நோலீன் அவசரமாகக் கேட்டாள்.

கடைசியாக மெர்வின் ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த மீன்பிடித் தூண்டில்களை எல்லாம் கிளைவிடம் கொடுத்து, அவர் டிராக்டரில் சும்மா கிடந்த டீசல் ஹீட்டரை வாங்கி வந்தார். இந்த முறை ஆள் வைத்து, புகைக்குழாயை வெளியே விட்டு, ஒழுங்காகப் பொருத்தினார். அது இரண்டே நிலையில்தான் ஓடும்: அணைந்திருக்கும், இல்லாவிட்டால் கொதிக்கும்.

மாசக் கடைசியில் காலை நேரம் ஜனின் வந்து இறங்கினாள். நோலீன் வழக்கம்போல நடக்கப் போயிருந்தாள். உள்ளே ஏறிய ஜனின் கோட்டைக் கழற்றினாள். ஸ்வெட்டரைக் கழற்றினாள். மேசையில் வெண்ணெய் உருகி ரொட்டித் தட்டைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா, இது வண்டி இல்ல, ரொட்டி அடுப்பு. ஆட்டு வாடை அடிக்குது, சரி. கழிப்பறைக் கதவு ஏன் அரை டிராயர் போட்டிருக்குன்னு நான் கேக்கல. ஆனா சூடுன்னா இதுதான் சூடு. நீங்க ஜெயிச்சுட்டீங்க."

மெர்வின் பனியனோடு நின்று, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, நெஞ்சு நிறையச் சிரித்தார்.

கதவு திறந்தது. நோலீன் ஏறினாள். உதடு நீலம். தாடை தாளம் போட்டது. மகளைக் கட்டிக்கொண்ட கைகள் வெடவெடவென்று ஆடின.

"ஜ... ஜனின்... க... கண்ணு..."

ஜனின் அப்பாவைப் பார்த்தாள். மெர்வின் ஹீட்டரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், அடுக்கடுக்கான கம்பளத்தைப் பார்த்தார். பிறகு படுக்கையில் கிடந்த போர்வையை எடுத்து மனைவியின் தோளைச் சுற்றிப் போர்த்தினார்.

"வித்துடலாம், நோலீன்."

"எதை?"

"வண்டியை. என்னால ஆனதெல்லாம் பண்ணிப் பார்த்துட்டேன். உன் உடம்புல ஏறின குளிரை என்னால இறக்க முடியல. மலை எங்கயும் ஓடிடாது. ஜனின் வீட்டு ஜன்னல்ல இருந்து பார்த்தாக்கூட தூரத்துல ஒண்ணு தெரியும். எனக்கு நீ போதும்."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜனினுக்குக் கண் கலங்கியது. நோலீனின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே, திருட்டு வெண்ணெயோடு பிடிபட்ட பூனைகூட அப்படி விழிக்காது.

"மெர்வ்," என்று மெல்ல ஆரம்பித்தாள். "உன்கிட்ட சொன்னா நீ பயந்து என்னை வெளியிலயே விடமாட்டியோன்னு..."

படபடவென்று யாரோ கதவைத் தட்டினார்கள். ஜனின் திறந்தாள். வாசலில் நைரி. ஈரத்தலை, சிவந்த கன்னம், தோளில் துண்டு. கையில் பலகைபோல விறைத்துக்கொண்டு நின்ற ஒரு நீலநிற நீச்சலுடை.

"நோலீன், இதைக் கரையிலயே விட்டுட்டு வந்துட்டீங்க, பாருங்க, எப்படி உறைஞ்சுபோச்சுன்னு! நாங்க பொம்பளைங்க எல்லாம் தினமும் ஒரு முங்கு போட்டுட்டு அலறிக்கிட்டுக் கரையேறுறோம், நீங்க மட்டும் நடு ஏரி வரைக்கும் நீந்திட்டு வர்றீங்களே, உங்களுக்குக் குளிருன்னா என்னன்னே தெரியாதா?"