சூசையின் ஓடத்தில் புகுந்த வீட்டுக்கு

கல்யாணமான பெண், சின்ன வயதில் கூட விளையாடிய ஆண்பிள்ளையோடு எந்த அளவுக்குக் கதைக்கலாம் என்று பூசைப் புத்தகத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தாலும் நான் வாசித்திருக்க மாட்டேன். (அந்த வயதில் எனக்கு வாய் மட்டும்தான் வேலை செய்யும்.)

கல்பிட்டியில் எங்கள் பக்கத்து வீட்டுச் சூசை எனக்கு அப்படியொரு கூட்டாளி. பாதி நாள் அவனுடைய ஓடத்தில்தான் வளர்ந்தேன். சிலாபத்தில் கந்தோர்க் கிளாக்கராக இருந்த என் கணவருக்கு இது தெரியும். அவருடைய தாய்க்குத் தெரியாது. கடற்கரைப் பெட்டை அடங்கமாட்டாள் என்று அந்த மனுசி முதலில் மறுத்திருந்தார். நல்ல அடக்கமான பிள்ளை என்று இவர்தான் சத்தியம் பண்ணிச் சம்மதிக்க வைத்தார். பாவம்.

கல்யாணம் முடிந்து முதன்முதலாக மாமியார் வீட்டுக்குப் புறப்பட்டோம். இரண்டாம் உலக யுத்தகாலம், பெற்றோலுக்குப் பங்கீடு, பஸ்ஸை நம்ப முடியாது. களப்பைக் கடந்து புத்தளத்தில் ரயில் பிடிப்பதற்காகச் சூசையின் ஓடத்தில் ஏறினோம். கணவர் வெள்ளைக் காற்சட்டையும் புதுச் சப்பாத்துமாக முன்னால் இருந்தார். நானும் அவர் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். பழக்கதோஷம், நேரே பின்னால் போய்ச் சுக்கானுக்குப் பக்கத்தில் குந்தினேன்.

பிறகென்ன, கதைதான். கல்யாண விருந்தில் யார் இரண்டாம் பந்தியிலும் இருந்தார்கள் என்று தொடங்கி ஊரையே அலசினோம். சூசை பீடி பற்றவைக்கச் சுக்கானை என்னிடம் தந்தான், முன்பெல்லாம் தருவதுபோல. நானும் வாங்கினேன். கொஞ்ச நேரத்தில் ஓடம் சேற்றுத் திட்டில் ஏறி உட்கார்ந்தது.

"கண் என்ன பிடரியிலயாடா இருக்கு?" என்று அவனை ஏசினேன், ஓட்டியது நான் என்பதையும் மறந்து.

ஓடம் தரைதட்டினால் இறங்கித் தள்ளுவது எங்கள் ஊர் வழக்கம். இருவரும் யோசிக்காமல் குதித்தோம். கூறைச் சேலையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு சூசையோடு தோளுக்குத் தோள் கொடுத்துத் தள்ளினேன், கெக்கட்டமிட்டுச் சிரித்துக்கொண்டே. நிமிர்ந்தபோதுதான், மேலே பூசைக்கு வந்த மேற்றிராணியார் மாதிரி வெள்ளை உடுப்போடு ஒருவர் தனியாக இருப்பது ஞாபகம் வந்தது. நீச்சல் தெரியாத மனிதர், பலகையை இறுக்கிப் பிடித்திருந்தார். (தண்ணீர் முழங்காலளவுதான்.)

ரயிலில் அவர் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் பயந்துபோய், இனிச் சூசையோடு கதைக்கவே மாட்டேன் என்றேன்.

"கதை. ஆர் வேணாமெண்டது?" என்றார். "ஆனா நானும் அதே ஓடத்திலதான் இருந்தனான். ஒருக்காவது திரும்பிப் பாத்தியா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அழுதுவிட்டேன்.

சிலாபத்தில் மாமியார் வாசலிலேயே நின்றார். சேறு காய்ந்த என் சேலையை மேலும் கீழும் பார்த்து, இது என்ன கோலம் என்று கேட்டார். நான் சேறு பட்ட கொய்யகத்தை மடித்துப் பின்னால் மறைத்தேன்.

"வழியில ஓடம் தரைதட்டிட்டுது அம்மா," என்றார் கணவர். "நான்தான் இறங்கித் தள்ளினனான். இவவுக்குக் கொஞ்சம் தெறிச்சுப்போச்சு."

மாமியார் அவருடைய சப்பாத்தைப் பார்த்தார். ஒரு பொட்டுச் சேறில்லாமல் பளபளவென்றிருந்தது. காற்சட்டையும் அப்படியே.

"ஓம், ஓம். தெரியுது," என்று சொல்லிவிட்டு, கால் கழுவும் தண்ணீரை எனக்கு மட்டும் கொண்டுவந்து வைத்தார்.

அதன் பிறகும் சூசை வந்துபோனான், இவர் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து. மூவருமாகக் கதைப்போம். எங்கள் பிள்ளைகளில் யாராவது செய்யாத வேலைக்குப் பேர் வாங்கப் பார்த்தால், "அப்பா ஓடம் தள்ளினமாதிரி" என்று மற்றவர்கள் இன்றும் நையாண்டி பண்ணுவார்கள். சிரிக்கட்டும். எனக்கு அந்த மனிதர்மேல் ஆசை வந்ததே அந்தப் பொய்யில்தான்.