களஞ்சியம் நின்ற குற்றம்

கனடாவின் சஸ்காச்சுவான் புல்வெளியிலுள்ள பிரோடின் கிராமத்தில் முதலில் பள்ளிக்கூடம் போயிற்று. பிறகு வங்கி, பிறகு ரயில். மிஞ்சியது எட்டு மாடி உயர, மரத்தாலான கோதுமைக் களஞ்சியம் ஒன்றுதான். அதுவும் போனால் ஊரே இல்லை என்று ஊர்த்தலைவர் ஓரஸ்ட் ப்ரோகோப்சுக்குக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கூரையைப் பழுதுபார்க்க மானியம் கேட்டு, மாகாணத் தலைநகரின் பாரம்பரியப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனார்.

அதிகாரி லெனோர் அம்மையார் கனிவோடு விசாரித்தார்.

"களஞ்சியம் இப்ப எந்த நிலையில இருக்கு?"

"நின்னுட்டிருக்கு மேடம்."

அம்மையாரின் முகம் வாடியது. "நின்னுட்டிருந்தா அது வெறும் கட்டடம். நாங்க பாக்குறது வரலாறு. மறைஞ்சாத்தானே வரலாறு?"

"மறைஞ்சப்புறம் எதை மேடம் பாதுகாப்பீங்க?"

"நினைவை! உங்க பக்கத்து ஊரு டார்னல்ல களஞ்சியத்தை இடிச்சாங்க. நினைவுப் பீடம், பலகை, விருந்து எல்லாம் குடுத்தோம். இப்ப நகரத்து ஜனங்க வந்து அங்க வெறும் புல்லைப் போட்டோ எடுக்குறாங்க. அதானே இப்ப மோஸ்தர்!"

அன்றே ஊர்க்கூட்டம் கூடியது.

"நம்ம களஞ்சியம் நிக்கிறதுதான் தடையாம்" என்றார் ஓரஸ்ட்.

"டார்னல்காரனுக்குப் பீடமா? அவன் களஞ்சியத்துல எலிகூடத் தங்காதேப்பா!" என்று கொதித்தாள் ரொட்டிக்கடை ஸ்டெஃபி.

களஞ்சியத்தைக் காப்பாற்றும் பொருட்டு அதை உடனடியாக இடிப்பதென ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. ஓரஸ்டும் கை தூக்கினார். டார்னலிடம் தோற்க அவருக்கும் மனம் வரவில்லை.

இயந்திரம் வந்து மத்தியானத்துக்குள் வேலையை முடித்தது. ஊரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பெரோகிக் கொழுக்கட்டை தின்றுகொண்டே அழுதது. அழுகை உண்மையான அழுகைதான்.

அலுவலகம் சொன்ன சொல் தவறவில்லை. 'இறுதிவரை போராடிக் களஞ்சியத்தைக் காத்த ஊர்' என்ற விருதை ஓரஸ்ட் தலைநகரில் கைதட்டலுக்கு நடுவே வாங்கினார். கண்ணாடிக் கேடயத்தைப் பக்கத்து இருக்கையில் வைத்து, அதற்கும் பெல்ட் மாட்டி, ஊருக்குத் திரும்பினார்.

நேரான சாலை, இருபுறமும் கோதுமை. ஓட்டினார், ஓட்டினார், ஊர் வந்தபாடில்லை. தூரத்திலிருந்தே அடையாளம் காட்டக் களஞ்சியம் இல்லாததால் எந்த இடத்தில் திரும்புவதென்று தெரியவில்லை. பிறந்து வளர்ந்த ஊரைக் கோட்டைவிட்டுவிட்டோமே என்று அவருக்கு வெட்கமும் பயமுமாக இருந்தது. கடைசியில் ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினார்.

"பிரோடினுக்கு எப்படிம்மா போகணும்?"

பெட்ரோல் போட வந்த பெண் ஜன்னல் வழியே கேடயத்தைப் பார்த்தாள்.

"விருது குடுத்துட்டாங்களா சார்? அப்ப அந்த ஊரு இருக்காதே."