வீட்டிலதானே இருக்கீங்க, சிஸ்டர்

லிங்கராஜபுரம், பெங்களூரு
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஜூலியா அக்காவுக்கு,

மாதாவின் துணையோடு பிரிஜெட் எழுதிக்கொள்வது. சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. மாதா இப்போது என் ஹாலில், டிவி ஸ்டாண்டின் மேல்தான் நிற்கிறாள். அதைப் பின்னால் சொல்கிறேன். இங்கு நான் சுகம். அங்கு உன் முட்டிவலியும் கில்பர்ட் மாமாவின் சர்க்கரையும் கொஞ்சமாவது அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

போனில் பேசினால் நீ என்னை ஒரு வாக்கியமும் முடிக்க விடமாட்டாய். ஹெட்மிஸ்ட்ரஸ் வேலையில் ரிட்டயர் ஆகியும் அந்தப் பழக்கம் உன்னை விடவில்லை. அதனால் கடிதம். சனிக்கிழமை மாமாவோடு வேன் எடுத்துக்கொண்டு வருவதாகவும், என் சாமான்களை ஏற்றி, கடைசியில் என்னையும் ஏற்றி, வேலூரில் உங்கள் மாடி அறையில் இறக்கப்போவதாகவும், இந்த வீட்டுக்கு வாடகைக்கு ஆள்கூடப் பார்த்துவிட்டதாகவும் வாய்ஸ் மெசேஜில் சொல்லியிருந்தாய். தயவுசெய்து வராதே. வேலை போனதில் நான் உடைந்துபோய்விட்டேன் என்று யார் உனக்குச் சொன்னார்களோ தெரியவில்லை. நீ தினமும் காலையில் அனுப்பும் அறிவுரைகளை ஒன்று விடாமல் கடைப்பிடித்து வருகிறேன். அதனால் என்னவெல்லாம் நடந்தது என்பதைக் கடைசிவரை படி. பிறகு வேன்காரருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்.

"வேலை இல்லேன்னு நைட்டியோட திரியாதே. ஆபீஸ் போற மாதிரியே குளிச்சு, நல்லா டிரஸ் பண்ணி உட்காரு, மனசு தானா நிமிரும்" என்றாய். சரி என்று முதல் திங்கட்கிழமையே விடிந்ததும் குளித்து, கஞ்சி போட்டு இஸ்திரி செய்த நீலப் புடவையைக் கட்டி, ஹாலில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏழு மணிக்கு வாசலில் ஹாரன் அடித்தது. கை தானாகப் பையை எடுத்தது, கால் தானாகச் செருப்பை மாட்டியது, உடம்பு தானாகப் போய் கம்பெனி கேப் வண்டியில் உட்கார்ந்தது. டிரைவர் சுதீரின் போனில் இருக்கும் பட்டியலிலிருந்து என் பெயரை யாரும் எடுத்திருக்கவில்லை. என் தலையிலிருந்து கம்பெனியை நானும் எடுத்திருக்கவில்லை. எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறிய பிறகு, கழுத்தில் ஐடி கார்டைத் தடவினேன். அப்போதுதான் அது இல்லை என்பதும், ஏன் இல்லை என்பதும் ஞாபகத்துக்கு வந்தது.

"சுதீர், வண்டியை நிறுத்துப்பா. எனக்கு வேலை போயிடுச்சு."

"பாலத்து மேல நிறுத்தக் கூடாது மேடம்." கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "அய்யோ. யாவாக மேடம்? எப்போ?"

"வெள்ளிக்கிழமை."

"அப்போ இன்னிக்கு ஏன் வந்தீங்க?"

"நீ ஹாரன் அடிச்சியே."

சிரிக்காதே அக்கா. அதற்குப் பிறகு நடந்ததுதான் விஷயம். அந்தப் பாலத்தின் மேல் இத்தனை வருடம் போயிருக்கிறேன், போகும்போதும் வரும்போதும் குனிந்து மெயில் பார்த்துக்கொண்டே. அன்றைக்குப் பார்க்க மெயில் இல்லை. நிமிர்ந்தேன். கீழே ஊரையே காணோம். பனி மூடியிருந்தது. அதற்கு மேல் மொட்டை மாடிகளும், கொடிகளில் காயும் துணிகளும் மட்டும் மிதந்தன. ஒரு மாடியில் லுங்கி கட்டிய ஒருவர் புறாக்களைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார். சாம்பல் நிறத்தில் வட்டமிட்டுக்கொண்டிருந்த கூட்டம் ஒரே சமயத்தில் திரும்பியதும், அத்தனையும் வெள்ளையாகிவிட்டன. இதெல்லாம் தினமும் நடந்துகொண்டா இருந்தது? யாரைக் கேட்டு நடந்தது? கம்பெனி கேட்டில் இறங்கி, எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு, பெண்களுக்கான இலவசச் சீட்டில் மூன்று பஸ் மாறி வீடு வந்தேன். நீ சொன்னபடி மனசு நிமிர்ந்துதான் இருந்தது. கழுத்துதான் வலித்தது.

அடுத்து, "யார்கிட்டயும் மறைக்காதே, ஒருத்தர்கிட்டயாவது மனசு விட்டுப் பேசு" என்றாய். எங்கள் தெரு அன்பியக் குழுவுக்குத் தலைவர் ரெமிஜியஸ் அண்ணன் நல்ல மனுஷன். ஜெபக் கூட்டத்துக்கு எல்லாரையும் வீடு வீடாகக் கூப்பிடுகிறவர். அவர் ஒருவரிடம் மட்டும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் மைக்கைப் பிடித்து, போப்பாண்டவருக்கு ஒரு மன்றாட்டு, நல்ல மழைக்கு ஒரு மன்றாட்டு, மூன்றாவதாக, "வேலையை இழந்து, வாழ்க்கையே கேள்விக்குறியாகி, தனிமையில் கலங்கி நிற்கும் எங்கள் அன்புச் சகோதரி பிரிஜெட்டுக்காக" என்று மன்றாடிவிட்டார். பாவம் யாரோ என்று நானும் எல்லாரோடும் சேர்ந்து "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சத்தமாகச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் முன் பெஞ்சு முழுவதும் திரும்பிப் பார்ப்பதைக் கவனித்தேன்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த "வீட்டிலதானே இருக்கீங்க". மேல்மாடி தீபிகாவும் அவள் வீட்டுக்காரரும் ஐடி, காலையில் போனால் இருட்டித்தான் வருவார்கள். "ஆன்ட்டி, நீங்க வீட்டிலதானே இருக்கீங்க, கேஸ் வந்தா மட்டும் வாங்கி வைங்களேன்" என்று சாவியைக் கொடுத்தாள். கேஸோடு பார்சலும் வந்தது, பார்சலோடு வாஷிங் மெஷின் ரிப்பேர்காரரும் வந்தார். அதைப் பார்த்து எதிர் ஃப்ளாட், அதைப் பார்த்து பக்கத்து வீடு. இப்போது இந்தக் கட்டடத்தின் பாதிச் சாவிகள் என் ஃப்ரிட்ஜ் மேல் கிடக்கின்றன. என் படுக்கையறைக்குள் பார்சல்களைத் தாண்டித்தான் போகவேண்டும். அசோசியேஷன் செக்ரெட்டரி கோதண்டராமன் சார், பேங்கில் ரிட்டயர் ஆனவர், நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார். அவரே தண்ணி லாரிக்குத் தொட்டி வால்வு திறக்கும் சாவியை என்னிடம் கொடுத்தார்.

"சார், நீங்களும் வீட்டிலதானே இருக்கீங்க?" என்றேன்.

"மேடம், நான் ரிட்டயர்டு. நீங்க சும்மா இருக்கீங்க. ரெண்டும் ஒண்ணா?"

இதற்கு நடுவில் ஒரு புதன்கிழமை வந்தது. அதையும் உன்னிடம் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். அன்றைக்கு நான் குளிக்கவில்லை. தலை வாரவில்லை. யாரோ போன் செய்து "யார் பேசறது?" என்று கேட்டதற்கு, "பிரிஜெட்" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பின்னால் சொல்ல ஒன்றும் இல்லாமல் அப்படியே நின்றேன். இத்தனை வருடம் என் பெயருக்குப் பின்னால் கம்பெனி பெயரும் சேர்ந்தே வரும். ஒற்றையாகக் கேட்டபோது அது யாருடைய பெயரோ மாதிரி இருந்தது. போனை வைத்துவிட்டு ஹாலில் வெறுந்தரையில் படுத்துவிட்டேன். நீ சொன்ன மூச்சுப் பயிற்சியும் வரவில்லை. மூச்சு வந்தது, அவ்வளவுதான்.

அப்படிப் படுத்திருக்கும்போதுதான் அது வந்தது. நம் ஹாலுக்கு வெயில் வராது, உனக்குத் தெரியும், வடக்குப் பார்த்தது. அம்மா கடைசிவரை அதைச் சொல்லித்தானே திட்டினாள். அக்கா, வெயில் வருகிறது! பதினொரு மணிவாக்கில் வருகிறது. எதிர் வீட்டு மொட்டை மாடியில் சோலார் வெந்நீருக்கு வரிசையாகக் கண்ணாடிக் குழாய்கள் சாய்த்து வைத்திருக்கிறார்களே, அதில் வெயில் பட்டுத் திரும்பி, ஜன்னல் வழியாக உள்ளே வந்து, சுவரில் நீள நீளமாகக் கோடு போடுகிறது. தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பதுபோல் அந்தக் கோடுகள் நடுங்குகின்றன. நாற்காலியில் ஏறி, காலண்டரைத் தொட்டு, அம்மா போட்டோவின் முகத்தை ஒரு தடவை துடைத்துவிட்டு, மெல்ல மறைகிறது. சனிக்கிழமை திரையைப் போட்டுத் தூங்குவேன், ஞாயிற்றுக்கிழமை கோவிலும் கறிக்கடையும். மற்ற நாளெல்லாம் ஆபீஸ். ஆளில்லாத வீட்டில் அது பாட்டுக்கு வந்து, பார்க்க யாரும் இல்லாமல், திரும்பிப் போயிருக்கிறது. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. எழுந்துபோய்க் குளித்தேன். மறுநாள் பத்தே முக்காலுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன், சினிமா தியேட்டரில் உட்காருகிற மாதிரி.

இனிமேல் மாதா. இந்த மாசம் ஜெபமாலை மாசம் இல்லையா, அன்பியத்தில் மாதா சுரூபம் ஒரு நாளைக்கு ஒரு வீடு போகும். ஒரு வீட்டுக்காரங்க அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய் ஒப்படைக்கணும். என் வீட்டுக்கு வந்த மறுநாள் அடுத்த வீட்டுல ஷிஃப்ட்னு ஆளில்லை, அதுக்கடுத்த வீட்டுல கல்யாணத்துக்குப் போயிட்டாங்க. ரெமிஜியஸ் அண்ணன் வந்து, "சிஸ்டர், வீட்டிலதானே இருக்கீங்க, ரெண்டு நாள் அம்மா உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். எட்டு நாளாகிறது. தலைக்குப் பின்னால் கலர் பல்பு வேற, அணையாமல் மின்னிக்கிட்டே இருக்கு. மாதாவுக்கும் எனக்கும் இப்ப ஒரே நிலைமைதான், எங்களை வாங்கிக்க அடுத்த வீடு இல்லை.

நேத்து காலை பத்தரைக்கு எனக்கு வீடியோவுல இன்டர்வியூ. படுக்கையறையில பார்சல், நெட்வொர்க்கும் கிடைக்காது, ஹால்லயே உட்கார்ந்தேன். கிருத்திகான்னு ஒரு பொண்ணு, நான் வேலைக்குச் சேர்ந்தப்ப அவ ஸ்கூல் போயிருப்பா. மரியாதையாத்தான் பேசினா. "இந்த மூணு மாசமா என்ன பண்ணிட்டிருந்தீங்க மேம்?" அப்படின்னு கேட்டா. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பெல் அடிச்சுது. தீபிகாவோட கேஸ் சிலிண்டர். ஒரு நிமிஷம்னு சொல்லிட்டுப் போய் வாங்கி உருட்டி வச்சுட்டு உட்கார்ந்தா, ஜன்னல்ல கோதண்டராமன் சார், "மேடம்! தண்ணி லாரி வந்து அரை மணி நேரமா நிக்குது, வால்வு சாவி உங்ககிட்டதானே! அவன் போயிட்டான்னா நாலு மாடிக்கும் தண்ணி கிடையாது!" சாவியை எடுத்து ஜன்னல் வழியா வீசினேன். அதுக்குள்ள கதவு திறந்திருக்கறதைப் பார்த்து ரெமிஜியஸ் அண்ணன், மாதாவைத் தூக்கிட்டுப் போக நாலு பேரோட உள்ளே வந்துட்டார். "இன்னைக்கு அந்த வீட்டுல ஆள் இருக்காங்க சிஸ்டர், நீங்க உங்க வேலையைப் பாருங்க, நாங்க சத்தமே போடமாட்டோம்" அப்படின்னு கத்தறார். கேமராவுல எனக்குப் பின்னாடி எல்லாம் தெரியுது. போச்சு, வேலூர்தான், மாடி ரூம்தான்னு நினைச்சேன்.

அப்ப மணி பதினொண்ணு.

கோடு நாற்காலியில ஏறுச்சு, என் தோள்ல ஏறுச்சு, நேரா மாதா முகத்துல போய் நின்னுது. கலர் பல்பெல்லாம் ஒண்ணுமில்லாமப் போச்சு. தூக்கப்போன நாலு பேரும் கையை எடுத்துட்டாங்க. ரெமிஜியஸ் அண்ணன் அப்படியே முழங்கால்ல நின்னுட்டார். ஜன்னல்ல சாவியோட நின்ன கோதண்டராமன் சார், அவர் நம்ம மதம்கூட இல்லை, செருப்பைக் கழட்டறார். நான் மெதுவா, "அண்ணே, அது எதிர்வீட்டு சோலார்" அப்படின்னேன். "சும்மா இருங்க சிஸ்டர்" அப்படின்னார்.

"மேம், அது என்ன?" லேப்டாப்லேர்ந்து கிருத்திகா கேட்டா. லேப்டாப்பைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வச்சேன். அது போற வரைக்கும் அவளும் பார்த்துட்டே இருந்தா. போன பிறகு, "இது தினமும் வருமா மேம்?" அப்படின்னு கேட்டா. "வரும். இந்த மூணு மாசமா இதைத்தான் பார்த்துட்டிருந்தேன்" அப்படின்னேன். இன்டர்வியூல சொல்லக்கூடாத பதில், தெரியும். அவ சிரிச்சுட்டு, சொல்லியனுப்பறோம்னு வச்சுட்டா. கும்பிட்டு எழுந்ததுல மாதாவைத் தூக்கவே மறந்துட்டு எல்லாரும் போயிட்டாங்க.

அந்த வேலை கிடைக்காது அக்கா. பரவாயில்லை. கிடைக்காவிட்டாலும் நான் கெட்டுப்போய்விட மாட்டேன் என்று உனக்குச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், நடக்கிறேன், அடுத்த விண்ணப்பமும் அனுப்பிவிட்டேன். நம் வீட்டில் எனக்குத் தெரியாமலேயே இவ்வளவு நடந்துகொண்டிருக்கும்போது அதை விட்டு என்னால் வரமுடியாது. ஆகவே வேன் வேண்டாம், மாடி அறை வேண்டாம், வாடகைக்காரரும் வேண்டாம். மாமாவுக்கு என் அன்பான தோத்திரம். உங்கள் வீட்டைக் காக்கிற ஆண்டவர் என்னையும் இங்கே தனியாக விட்டுவிடவில்லை என்று நம்பி நிம்மதியாகத் தூங்கு.

உன் தங்கை,
பிரிஜெட்

பி.கு. (வியாழக்கிழமை): கவரை ஒட்டாமலேயே வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. கிருத்திகாவிடமிருந்து மெயில் வந்துவிட்டது. வேலை கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை சேர வேண்டும், அதே எலெக்ட்ரானிக் சிட்டி, அதே பாலம். ஆகவே மேலே வராதே வராதே என்று எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படி. இதை இன்றைக்கே கூரியரில் போடுகிறேன், சனிக்கிழமை கட்டாயம் கிளம்பி வந்துவிடு. வேனில் உன் துணிமணியையும் மாமாவின் மாத்திரைகளையும் ஏற்று. தீபிகாவின் சாவி ஃப்ரிட்ஜ் மேல் சிவப்புக் கயிற்றில் இருக்கிறது, தண்ணி லாரி வந்தால் கோதண்டராமன் சார் கத்துவார், மாதாவைத் தூக்க யாரும் இன்னும் வரவில்லை. நீ ரிட்டயர்டு ஆச்சே அக்கா, வீட்டிலதானே இருக்கே. பதினொரு மணிக்கு மட்டும் எத்தனை பெல் அடித்தாலும் எழுந்திருக்காதே. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார். நான் இருக்கமாட்டேன், யாராவது பார்க்கணும்.