கடல் வெளியே போயிருக்கிறது

கெஷ்ம் தீவு,
நவ்ரூஸ் புத்தாண்டு விடுமுறை முடிந்த வாரம்

மதிப்புக்குரிய மைத்துனர், இஸ்ஃபஹான் மிட்டாய்க் கடை வீதியின் திலகம், ஹூஷங் கான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையை மணந்ததைத் தவிர வாழ்க்கையில் உருப்படியாக எதையும் செய்யாதவன் என்று தங்களால் பலமுறை எடுத்துச் சொல்லப்பட்ட நுஸ்ரத்துல்லா, மிகுந்த பணிவோடு எழுதிக்கொள்வது. தாங்களும், தங்கள் துணைவியாரும், கடையும், தங்கள் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையும் அளவோடு நலமாயிருக்க இறைவனை வேண்டுகிறேன். இங்கே நாங்கள் நலம். மரியாதைக்கு எழுதும் நலம் அல்ல இது. எல்லா அறைகளும் நிரம்பி, என் சொந்தக் கட்டிலை ஷீராஸிலிருந்து வந்த ஒரு பல் டாக்டருக்குக் கொடுத்துவிட்டு, வரவேற்பு மேசைக்கு அடியில் கால் மடக்கிப் படுக்கிற நலம்.

தங்கள் தங்கை ஃபக்ரி தன் தகப்பனார் வீட்டில் வந்த பங்கை விற்றுத் தீவில் ஹோட்டல் கட்டப்போகிறோம் என்று நான் சொன்ன அன்று, தங்கள் வீட்டில் மொத்தச் சொந்தமும் மாதுளை உரித்துக்கொண்டிருந்தது தங்களுக்கு நினைவிருக்கும். "பஸ் நிலையத்துல மைக் பிடிச்சு, பஸ் கிளம்புது பஸ் கிளம்புதுன்னு கத்தினவனுக்கு ஹோட்டல் எதுக்கு? என் தங்கச்சி சொத்தைக் கொண்டுபோய்க் கடல்ல கொட்டப்போறான்" என்று தாங்கள் சொன்னீர்கள். அத்தனை பேரும் சிரித்தார்கள். சுதந்திர வணிக மண்டலம், பல வருஷத்துக்கு வரி கிடையாது, நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்குத் தருகிறார்கள் என்று நான் விளக்க வாயைத் திறந்தேன். தாங்கள் என் வாயில் ஒரு துண்டு மிட்டாயைத் திணித்தீர்கள். அதை மென்றுகொண்டே கிளம்பி வந்தவன்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நடந்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நிலத்தைக் காட்டியவர் ஜாசெம் என்ற படகுக்காரர். தீவில் மூன்று தலைமுறையாக மரப்படகு ஓட்டும் குடும்பம். என்னைவிடப் பணக்காரர், பல்லெல்லாம் தங்கம், நான் ஹஜ்ஜுக்கே போகாவிட்டாலும் முதல் நாளிலிருந்தே என்னை ஹாஜி என்று கூப்பிட்டவர். அவர் காட்டிய காலை வேளையில் கடல் நிலத்தின் விளிம்புவரை வந்து தளும்பிக்கொண்டிருந்தது. "ஹாஜி, இங்க கட்டில் போட்டீங்கன்னா படுத்தபடியே கால நனைக்கலாம்" என்றார். ஆற்றை வறட்சிக்குப் பறிகொடுத்த இஸ்ஃபஹான்காரனுக்கு அவ்வளவு தண்ணீரைக் காட்டினால் அவன் யோசிப்பானா? போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டு, ஃபக்ரியிடம் பெருமையாகக் காட்டலாம் என்று மதியம் கூட்டி வந்தால், கடலைக் காணோம். கண்ணுக்கு எட்டியவரை ஈர மணல், நடுநடுவே குட்டைகள், நண்டுகள். தொலைவில் ஒரு நீலக் கோடு.

"ஜாசெம், கடல் எங்க?"

"வெளிய போயிருக்கு ஹாஜி. வந்துடும்."

"எங்க ஊர்லயும் ஆத்தப் பத்தி இப்படித்தான் சொன்னாங்க."

"ஆறு வேற, கடல் வேற. இது தெனமும் போகும், தெனமும் வரும். நேரம் மட்டும் மாத்திக்கிட்டே இருக்கும். நீங்க கேக்கலையே, அதான் நானும் சொல்லல."

ஃபக்ரி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அந்த மணலைப் பார்த்தாள். பிறகு, "எங்கண்ணன் காதுக்கு இது போகக் கூடாது" என்றாள். அவ்வளவுதான். மறுநாளே சுவர் எழுப்ப ஆரம்பித்தோம். குளிர்சாதன இயந்திரங்கள் அறையைவிட வெளியைக் குளிரவைத்தது, பெயர்ப்பலகையில் 'கடல்' என்ற சொல்லை ஒட்டகம் நக்கியே அழித்தது, இவற்றையெல்லாம் சொன்னால் தாங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்பதால் விட்டுவிடுகிறேன். முக்கியமானது குத்தகையின் நிபந்தனை. நவ்ரூஸ் விடுமுறை முடிவதற்குள் ஹோட்டலில் ஆள் தங்கியிருக்க வேண்டும். அறை வாடகைக்கு விட்டால் மட்டும் போதாது, பயணிகளுக்கென்று ஏதாவது ஒரு சேவையும் நடந்துகொண்டிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் நிலம் திரும்பப் போய்விடும். கட்டடத்தைக் கழற்றித் தங்கள் கடை வாசலில் வந்து இறக்குவதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்காது. சேவைக்கு ஜாசெமின் படகைப் பேசி வைத்திருந்தேன், டால்ஃபின் காட்டுவதற்கு.

நவ்ரூஸ் வந்தது. தீவு முழுக்கக் கூட்டம். இடம் கிடைக்காதவர்கள் கடற்கரையோரம் கூடாரம் அடித்துக் கிடந்தார்கள். ஹமதானிலிருந்து ஒரு பெரிய குடும்பம் பஸ்ஸோடு எங்கள் ஹோட்டலையே மொத்தமாகப் பேசி எடுத்துக்கொண்டது. அவர்கள் வந்து சேரும் அன்றே மாலைக்குள் சோதனைக்கு வருவதாக மண்டல அலுவலகத்திலிருந்தும் தகவல் வந்தது. எல்லாம் கூடி வந்ததே என்று நான் மீசையைத் தடவிக்கொண்டிருந்தபோது ஃபக்ரி கேட்டாள், "மெத்தை எங்க?" மெத்தைகளை ஜாசெமின் படகில்தான் எதிர்க்கரைத் துறைமுகமான பந்தர் அப்பாஸிலிருந்து ஏற்றியிருந்தோம். நேராக வாசலிலேயே இறக்கித் தருகிறேன், வண்டிச் செலவு மிச்சம் என்று அவர் சொல்லியிருந்தார். வழியில் யாரோ சொந்தக்காரர் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட உட்கார்ந்து நேரமாக்கிவிட்டு, காலையில் கடல் கிளம்பிக்கொண்டிருந்த சமயத்தில்தான் வந்து சேர்ந்திருக்கிறார். படகு ஹோட்டலுக்கு எதிரே, நடந்து போனால் தாகம் எடுக்கிற தூரத்தில், ஈர மணலில் ஒருக்களித்துச் சாய்ந்து கிடந்தது. மெத்தையும் அதில், சேவையும் அதில்.

அந்த நேரம் பார்த்து பஸ் வந்து நின்றது. குடும்பத் தலைவர் கொத்ரத் பஹ்லவான், ஒரு காலத்தில் மல்யுத்த வீரர், கதவில் பக்கவாட்டாகத் திரும்பித்தான் உள்ளே நுழைய முடிந்தது. நேராக மொட்டை மாடிக்குப் போனார், பார்த்தார், இறங்கி வந்தார்.

"கடலோர ஹோட்டல்னு சொன்னீங்களே ஐயா. கடல் எங்க?"

"வெளிய போயிருக்கு. வந்துடும்" என்றேன். எனக்கும் அந்த வார்த்தைதான் வாயில் வந்தது.

"மெத்தை?"

"அதுவும் கடல்லதான் இருக்கு."

அவர் என் தோளில் கை வைத்தார். அடிப்பதற்கா, ஆறுதலுக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குள் ஃபக்ரி நடுவில் வந்துவிட்டாள். கையில், டீக்கு வெந்நீர் கொதிக்கும் நம் வீட்டுச் சமோவர். பின்னால் சமையற்காரி இரண்டு கம்பளங்களைச் சுருட்டித் தோளில் வைத்திருந்தாள். "அண்ணே, பஸ்ல உக்காந்து காலெல்லாம் மரத்துப் போயிருக்கும். எல்லாரும் வாங்க, கடலுக்குள்ள போய் டீ குடிக்கலாம்" என்றாள். மச்சான், நம் ஊரில் ஆறு வற்றிய பிறகு பாலத்துக்கு அடியில் ஆற்று மணலிலேயே கம்பளம் விரித்துச் சாப்பிடுகிறோம் இல்லையா, அதே கை, அதே லாகவம். படகுக்குச் சற்று முன்னால், குட்டைகளை ஒதுக்கிக் கெட்டியான மணலாகப் பார்த்து விரித்தாள், ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வறுத்த இறாலும் வைத்தாள். ஹமதான்காரர்கள் முதலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முறைத்தார்கள். பிறகு ஒரு பெண் நட்சத்திர மீனைக் கண்டுபிடித்தாள். அதன்பிறகு யாரையும் பிடிக்க முடியவில்லை. பஹ்லவான் படகுவரை நடந்து போய், இரண்டு மெத்தைகளைத் தலையில் வைத்துக்கொண்டு கடலுக்கு நடுவே நடந்து வந்தார். அதைப் பார்த்து அவருடைய மைத்துனர்கள் ஆளுக்கொரு மெத்தை தூக்கினார்கள். ஜாசெம் படகின் மேலே நின்று, "பாத்து, பாத்து, உப்பு படாம" என்று அதிகாரம் செய்தார், ஏதோ எல்லாமே அவர் திட்டம் போட்டது போல.

இந்தக் கோலத்தில்தான் மண்டல அலுவலகத்து அதிகாரி வந்தார். தர்யாபெய்கி அம்மையார், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். ஹோட்டலில் ஒரு ஈ காக்கை இல்லை. நான் அவரை மணலுக்கு அழைத்துப் போனேன். ஃபக்ரி கம்பளத்தில் இடம் ஒதுக்கி டீயை நீட்டினாள்.

"இது என்னம்மா?"

"எங்க ஹோட்டல் சேவைங்க. கடலுக்கு அடியில டீ."

"கடல் இல்லையே?"

"இருந்தா எப்படிங்க டீ குடிக்கிறது?"

அம்மையார் சிரிக்கவில்லை. கற்கண்டைப் பல்லிடுக்கில் வைத்து டீயை உறிஞ்சினார். இரண்டாவது கோப்பையும் கேட்டார். அப்போதுதான் ஜாசெம் படகிலிருந்து கையை ஆட்டித் தீவுப் பேச்சில் ஏதோ கத்தினார். ஹமதான்காரர்களுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, பதிலுக்கு அவர்களும் சந்தோஷமாகக் கையை ஆட்டினார்கள். நீலக் கோடு தடித்துக்கொண்டே வந்தது. குட்டைகள் ஒன்றோடொன்று சேர ஆரம்பித்திருந்தன, ஓடுங்கள் என்று சொன்னால் கூட்டம் கலைந்து விழுந்து புரளும். என்ன செய்தேன் தெரியுமா? சமோவருக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்று, தாங்கள் கேலி செய்த அதே பஸ் நிலையக் குரலை எடுத்தேன்: "பயணிகள் கவனத்துக்கு. வளைகுடாவிலிருந்து வரும் கடல் இன்னும் சற்று நேரத்தில் இங்கு வந்து சேரும். பயணிகள் தங்கள் குழந்தைகளையும் உடைமைகளையும் எடுத்துக்கொண்டு, எதிரே நிற்கும் படகில் வரிசையாக ஏறிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." ஹூஷங் கான், ஒருவர்கூட இடித்துக்கொள்ளவில்லை. இந்த நாட்டில் அந்தக் குரலுக்கு எழுந்திருக்காத முட்டி கிடையாது. அதிகாரி அம்மையார் கோப்பையோடு எழுந்து வரிசையில் நின்றார். கரைக்கும் எங்களுக்கும் நடுவே இருந்த பள்ளம் முதலில் நிரம்பிவிட்டதால் படகுதான் பக்கம். கம்பளங்களைச் சமையற்காரியும் நானும் சுருட்டினோம், கடைசியாகப் பஹ்லவான் ஒரு கையில் மெத்தை, இன்னொரு கையில் சமோவரோடு முழங்கால் தண்ணீரில் வந்து ஏறினார்.

கொஞ்ச நேரத்தில் படகு முனகியது, நிமிர்ந்தது, மிதந்தது. எல்லோரும் இன்னும் இறக்காமல் படகில் மிஞ்சியிருந்த மெத்தைகளின் மேல் உட்கார்ந்திருந்தோம். ஜாசெம் இன்ஜினைப் போட்டுக் கரை வளைவைச் சுற்றிக் காட்டினார். வெயில் இறங்கி, ஹோட்டலின் வெள்ளைச் சுவர் செந்நிறமாகி, வாசற்படியில் கடல் வந்து தளும்பிக்கொண்டிருந்தது, நான் ஏமாந்த அந்தக் காலையில் இருந்தது போலவே. அம்மையார் பேனாவை எடுத்தார்.

"நான் இத என்னன்னு எழுதறது? நடைப் பயணமா, படகுச் சவாரியா?"

"ரெண்டும் எழுதுங்க" என்றாள் ஃபக்ரி. "போறப்ப நடை, வர்றப்ப படகு."

அப்போதுதான் அவர் சிரித்தார். எழுதினார். நிலம் எங்களுடையது, மச்சான். ஃபக்ரி முக்காட்டை முகத்தில் போட்டுக்கொண்டு கடல் பக்கம் திரும்பி நின்றாள். அவள் அழுவதை நான் பார்க்கவில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

ஹமதான்காரர்கள் எடுத்த படங்கள் எங்கெங்கோ சுற்றியிருக்கின்றன. இப்போது ஆட்கள் போன் செய்து, கடல் தெரியுமா என்று கேட்பதில்லை. கடல் எத்தனை மணிக்குப் போகும் என்றுதான் கேட்கிறார்கள். நீச்சல் குளமும் பளிங்குத் தரையுமாக நிற்கும் பெரிய ஹோட்டல்காரர்களே தங்கள் விருந்தாளிகளை மதியம் இங்கே அனுப்புகிறார்கள். நான் தினமும் கடலின் வருகையை அறிவிக்கிறேன், கைதட்டுகிறார்கள். ஜாசெம் கூட்டுச் சேரக் கேட்டார். ஃபக்ரி அவரை நேரம் தவறாமல் வரும் வேலையில் சேர்த்திருக்கிறாள், மீன் குழம்பு கிடையாது என்ற நிபந்தனையோடு. ஆகவே தாங்கள் இனி எந்த வெள்ளிக்கிழமையாவது சொந்தம் கூடும்போது, அதே மாதுளைத் தட்டுக்கு முன்னால், நுஸ்ரத்துல்லா சொத்தைக் கடலில்தான் கொட்டினான், ஆனால் கடல் அதைத் திருப்பிக் கொண்டுவந்து தந்தது என்று உரக்கச் சொல்ல வேண்டுமென்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இதைவிடச் சிறந்த முதலீடு நாட்டில் இல்லை.

பெரியவர்களின் கைகளுக்கு என் முத்தங்கள், சிறியவர்களின் நெற்றிக்கு ஃபக்ரியின் முத்தங்கள். தங்கள் நிழல் எங்கள் தலைமேலும், தங்கள் அறிவுரை வேறு யார் தலைமேலாவதும் நீடிக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவனும், ஹோட்டல் அதிபருமான
நுஸ்ரத்துல்லா கல்பாசி

பின்குறிப்பு: இதை உறையில் போட்டுக்கொண்டிருக்கும்போது ஜாசெம் வந்து, "உங்க மச்சான் இஸ்ஃபஹான்ல இருந்து போன் பண்ணாரு ஹாஜி. பக்கத்து நிலம் காலியா இருக்கான்னு கேட்டாரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு" என்று சொல்லிவிட்டுப் போகிறார். எனவே மேலே எழுதிய எதையும் நம்ப வேண்டாம். ஹோட்டல் படுத்துவிட்டது. ஈ, உப்புக்காற்று, நன்றிகெட்ட விருந்தாளிகள். ஷீராஸ் பல் டாக்டர் நேற்றே ஓடிவிட்டார். தாங்கள் அன்று சொன்னது அத்தனையும் சரி, அதை யார் முன்னாலும் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம், நானே சாட்சி. கடையை விட்டு ஓர் அடிகூட நகர வேண்டாம்.