ஸ்கிக்கு ஏற்ற மருமகன்

உடல் நிறையைக் கேட்டால் பெண்கள்தான் பொய் சொல்வார்கள் என்று யாரோ கதை கட்டிவிட்டிருக்கிறார்கள். ஒஸ்லோவில், பனியில் சறுக்கி ஓடும் ஸ்கிப் பலகைகள் விற்கும் கடையொன்றில் நான் அவிழ்த்துவிட்ட பொய்க்கு முன்னால் அதெல்லாம் தூசு.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கம். கலியாணம் கட்டி யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எனக்கு அதுதான் முதல் குளிர்காலம். மனைவி சுகந்தி ஒஸ்லோவின் ஸ்டோவ்னர் பகுதியில் வளர்ந்தவள். நடக்கப் பழகிய கையோடு ஸ்கியும் பழகியவள். நானோ ஈர்க்குக்குச் சட்டை மாட்டிய மாதிரி இருந்தேன். மருமகனைத் தேற்றிக் காட்டுவதாகச் சபதம் எடுத்த மாமி (சுகந்தியின் அம்மா), புட்டும் ஆட்டுக்கறியுமாக மூன்று மாதம் சமைத்துப் போட்டார். தம்பி நன்றாகத் தேறிவிட்டார் என்று ரெலிபோனில் ஊருக்கெல்லாம் சொல்லியும் விட்டார். உண்மையில் நான் ஒரு கிலோகூட ஏறவில்லை. அது எனக்கும் குளியலறைத் தராசுக்கும் மட்டும் தெரிந்த இரகசியம்.

ஸ்கி வாங்கப் போனபோது மாமியும் கூட வந்தார். எவ்வளவு பழக்கம் என்று கடைப்பெண் கேட்டாள். ஓரளவு என்றேன். (பனியையே அப்போதுதான் பார்க்கிறேன்.) எப்படி ஓடப் பிடிக்கும் என்றாள். வேகமாக என்றேன். பிறகு நிறையைக் கேட்டாள். மாமி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று மாதச் சமையலின் பரீட்சை முடிவல்லவா? ஐம்பத்துநான்கு கிலோ ஆளான நான் கூசாமல் எழுபத்திரண்டு என்றேன். மாமியின் முகம் மலர்ந்தது. என் தடித்த ஜாக்கெட்டைப் பார்த்துக் கடைப்பெண்ணும் நம்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காட்டுப் பாதைக்குப் போனோம். சமதரையில் எப்படியோ ஊர்ந்தேன். முதல் மேட்டில் ஒரு அடி ஏறினால் இரண்டு அடி பின்னால் வழுக்கியது. வாயில் சூப்பி வைத்த பிள்ளைகள்கூட என்னைக் கடந்து போனார்கள். கடைசியில் பின்பக்கமாகவே இறங்கி, கீழே மரக்குற்றியில் அமர்ந்து, சாப்பிடக் கொண்டுவந்த ரோல்ஸ் பெட்டியைத் திறந்துகொண்டிருந்த மாமியின் மடியில் போய் உட்கார்ந்தேன். ரோல்ஸ் எல்லாம் பனிக்குள்.

சுகந்தி ஓடி வந்து, என்னை எழுப்பி நிறுத்தி, ஸ்கியைக் குனிந்து பார்த்தாள். ஆளின் நிறைக்கு அளவாக அதன் நடுப்பகுதி மேலே வளைந்திருக்கும். ஆளின் பாரம் அழுத்தினால்தான் அது பனியைப் பிடிக்கும். நான் ஏறி நின்றும் அடியில் அவளுடைய விரல் தாராளமாகப் புகுந்தது.

"உண்மையைச் சொல்லுங்கோ, உங்கட நிறை எவ்வளவு?"

சொன்னேன். மாமி உடுப்பில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நான் சமைச்சதெல்லாம் எங்கை போனது, தம்பி?"

பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

ஓடிய ஸ்கியைத் திரும்ப எடுக்க முடியாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். மாமி அசரவில்லை. "ஸ்கியை மாத்தேலாதெண்டால் ஆளை மாத்துவம்" என்றார். அன்றிலிருந்து நான் போதும் என்று கையால் மறிக்கும்போதெல்லாம், "இது ஸ்கிக்கு" என்று இன்னொரு அகப்பை சோறு விழும். (இன்றும் எங்கள் வீட்டில் சாப்பிட வருகிற எல்லோருக்கும் இதே சட்டம்தான். பலருக்குக் காரணம் தெரியாது.) இரண்டு குளிர்காலம் கழித்து எழுபத்திரண்டைத் தொட்டேன். அதே மேட்டில் வழுக்காமல் ஏறினேன். கீழே நின்று மாமி கைதட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் அகப்பை அங்கே நிற்கவில்லை. சில வருடங்களில் அந்த ஸ்கி என்னைத் தாங்காமல் போக, புதிது வாங்கப் போனோம். கடைக்காரன் நிறையைக் கேட்டான். இந்த முறை கொஞ்சம் குறைத்துச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து மாமி, கடை முழுக்கக் கேட்கும்படி, நல்ல நொர்வேஜிய மொழியில் முந்திக்கொண்டார்.

"எண்பத்தொன்பது."